அம்மன் தலையில் இருபத்தோரு ஒயர்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரார் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். எங்கள் ஊரில் எல்லாரும் அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். நான் அம்மனைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையில் பசை தடவி, இருபத்தோரு ஒயரை ஒட்டி, "கண்ண மூடுங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்று உத்தரவு போட்டவன். அம்மனும் இழுத்து விட்டாள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை. வந்து வாய்த்த தம்பி அப்படி.

ஆமாம், அம்மன் என்று நான் சொல்வது என் அக்காவைத்தான். வருடம் முழுக்க அம்மன் அல்ல. மற்ற நாட்களில் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற ஆள். ஆடி மாதம் பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்கினால் மட்டும் அம்மன் அவள்மேல் வருவாள். கணியம்பாடி தாண்டி அமிர்திக் காட்டுப் பக்கம் போகிற சாலையில், ஜவ்வாது மலை இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் எங்கள் ஊர். தீமிதியில் தலையில் கரகத்தோடு முதலில் கனலில் இறங்குவது அக்காதான். பதினாறு வருடமாக.

எனக்கு வேலூரில் வேலை. நரம்பியல் டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்கில் ஈ.ஈ.ஜி. எடுக்கிறேன். மண்டைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்வது. அந்தக் கோட்டைப் படித்து நோய் இன்னதென்று சொல்வது டாக்டரம்மாவின் வேலை. எனக்கும் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்கு.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு அக்கா இரண்டு தடவை விழுந்தாள். முதல் தடவை தையல் மெஷின் பக்கத்தில். அதை நான் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பம்புசெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, என் கண்ணெதிரே. நிமிர்ந்தவள் எங்கேயோ வெறித்துப் பார்த்தாள், உதடு வெளுத்தது, அப்படியே சரிந்தாள். நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "இன்னாடா வாயப் பொளந்துனு நிக்கிற, பக்கெட்ட எடு" என்றாள்.

பக்கெட்டை எடுத்தேன். ஆனால் என் மண்டைக்குள் வேறொன்று ஓட ஆரம்பித்துவிட்டது. தீமிதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தலையில் கரகம், காலுக்குக் கீழே நாலைந்து எட்டு நீளத்துக்கு வேலமரக் கனல். பம்புசெட்டில் வந்த அந்த ஒரு நிமிடம் அங்கே வந்தால்?

இதுவரைக்கும் நான் யோசித்தது ஒரு நல்ல தம்பி யோசிப்பதுதான். இதற்குமேல் யோசித்ததுதான் விஞ்ஞானம்.

கைப்பேசியில் மூளை பற்றிய வீடியோக்களை நான் நிறையப் பார்ப்பேன். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மின்சாரம் தாறுமாறாக ஓடினால் சிலருக்குக் கை கால் இழுக்காதாம். அதற்குப் பதிலாக யாரோ பக்கத்தில் நிற்பது போலிருக்கும், இல்லாத வாசனை வரும், வானமும் பூமியும் ஒன்றாகிவிட்டது போல ஒரு பேரானந்தம் வரும். கடவுளைக் கண்டேன் என்று சொன்னவர்களில் சிலருக்கு இதுதான் இருந்திருக்குமோ என்று அந்த வீடியோக்களில் பேசினவர்கள் சந்தேகமாகத்தான் கேட்டார்கள். சந்தேகத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மீதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அக்கா விழுந்தது வலிப்பு. பதினாறு வருடமாக அவள்மேல் வந்துகொண்டிருப்பதும் அம்மன் அல்ல, அதே வலிப்பு. ஒரே கல்லில் என் அக்காவும் அம்மனும் விழுந்தார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பை முதலில் மாமாவிடம் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர். கலசப்பாக்கம் வரைக்கும் போய் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டிவிட்டு வருகிறவர். டீக்கடையில் வைத்து, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதை மூளையாக்கி, விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மச்சான், சாமி இங்கதான் கீதுன்ற?" என்று டம்ளரைக் காட்டினார்.

"சாமி இல்ல மாமா. சாமி மாதிரி ஒன்னு."

"செரி. உனக்கு அந்த எடத்துல இன்னா கீது?"

"எனக்கு நார்மல்."

"நார்மலா இருக்கசொல்லவே இப்டியா?" என்றார். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழுவும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வெளியே வந்ததும் மாமாவின் குரல் மாறியது. "அவ நெருப்புல வியாம இருக்கணும் மச்சான். உன் டம்ளர் கதையெல்லாம் எனக்கு வாணா. எதுனா மிஷின் இருந்தா இட்டுனு போய்ப் பாரு. நிறுத்துன்னு மட்டும் நா சொல்ல மாட்டேன். நா சொல்லி அவ இன்னிக்கு வரிக்கும் எத நிறுத்தினா?"

அக்காவை இணங்கவைக்க ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கரன்ட் வெப்பாங்களாடா?"

"வெக்க மாட்டாங்கக்கா. உள்ள ஓடுற கரன்ட்டப் பாக்குறது."

"அவ்ளோதான? காப்பு கட்டுறதுக்கு முந்தி இட்டுனு போய்ட்டு இட்டுனு வந்துடு. கட்டிட்டா நா எல்லையத் தாண்டக் கூடாது."

எங்கள் வழக்கம் அது. கரகம் எடுப்பவள் கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டால், அம்மனுக்குக் கூழ் வார்த்து முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கூழ் வார்க்கிற வரைக்கும் அவளும் சாப்பிடக் கூடாது. இளநீர், மோர், பொழுது சாய்ந்தபின் ஒரு வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை காப்பு. திங்கட்கிழமை அக்காவை பஸ்ஸில் ஏற்றினேன்.

இந்தப் பரிசோதனைக்கு முந்தின இரவு கண் விழிக்கவேண்டும். களைத்த மூளைதான் தன் குட்டை வெளிப்படுத்தும். அவள் தூங்காமல் பார்த்துக்கொள்ள நானே காவல் உட்கார்ந்தேன். விடிந்து என்னை எழுப்பியபோது அக்கா மூன்று ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்து முடித்திருந்தாள்.

இன்னொரு நிபந்தனை, தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. என் தொழிலில் பாதி, எண்ணெயோடு மல்லுக்கட்டுவதுதான். 'எண்ணெய் வைக்காமல் வாங்க' என்று எழுதிக் கொடுத்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, பரட்டையாகவா போவது என்று அன்றைக்குத்தான் வழிய வழியத் தடவிக்கொண்டு வருவார்கள். காப்புக்காக முன்கூட்டியே எண்ணெயை நிறுத்தியிருந்த அக்கா தலையில் ஒரு சொட்டு இல்லை. ஒயர்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. இவ்வளவு சுத்தமான மண்டையை நான் பார்த்ததே இல்லை. தலை முழுக்க ஒயரோடு படுத்திருந்தவளைப் பார்க்க, கரகம் நூல் பிரிந்து தொங்குவது போல இருந்தது.

முதல் அரை மணி நேரம் நான் ஒழுங்காக வேலை செய்தேன். கண்ணை மூடு, திற, மூச்சை வேகமாக விடு, மின்னுகிற விளக்கைப் பார். கோடுகள் குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாக ஓடின. நோயாளி தூங்கவும் தூங்கினாள். வேறு எவனாக இருந்தாலும் ஒயரைக் கழற்றியிருப்பான். எனக்கோ அமைதி பிடிக்கவில்லை. வலிப்பு வெளியே வராவிட்டால் அதை அழைத்து வருவதுதானே முறை?

போன வருடத் தீமிதியில் பதிவு செய்த பம்பை, உடுக்கைச் சத்தம் என் கைப்பேசியில் இருந்தது. அக்காவை எழுப்பிவிட்டு, டாக்டரம்மா அவர் அறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி ஓடவிட்டேன்.

கால் நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் கோடுகள் துள்ளின. நெற்றிப்பொட்டுப் பக்கம், நான் எதிர்பார்த்த அதே இடத்தில், முள்வேலி மாதிரி கூர்கூராக, கறுப்பாக எழும்பின. எனக்குப் புல்லரித்தது. மனித குலத்தில் முதல் முதலாக ஒருவன் அம்மனைத் திரையில் பார்க்கிறான், அதுவும் கணியம்பாடி பக்கத்துக்காரன்!

திரும்பிப் பார்த்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னம் துடிக்க, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்தால் தாடைத் தசை இறுகும், இறுகினால் நெற்றிப்பொட்டில் வைத்த ஒயரில் இப்படித்தான் முள் எழும்பும். இந்த வேலைக்கு வந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தத் தசையை நான் தெய்வம் என்று கும்பிட்டேன்.

"போடா, போனுல அடிச்சா சாமி வருமா? போன் பண்ணாத்தான் வரும்னு நெனச்சினியா?" என்று அவள் சிரிக்க, கோடுகள் திரையை விட்டே வெளியே போயின.

சாமி வரத்தான் செய்தது. கதவுக்கு வெளியே. வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா, துடைப்பக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டதில் காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் ஆயா தலைவிரிகோலமாக ஆடுகிறார். "எலுமிச்சம்பயம் எங்கடா?" என்று கேட்டது என்னைத்தான். என்னிடம் எலுமிச்சை சாதம்தான் இருந்தது. அதிலும் ஒரு பழம் பிழிந்துதான் இருக்கிறது என்று வாதாட அது நேரமில்லை. அவசரத்தில் கைப்பேசியை அணைக்கவும் வரவில்லை. பம்பைக்காரர்கள் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல அத்த நிறுத்துடா, எரும" என்றாள் அக்கா. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், ஒயரெல்லாம் அப்படியே தொங்க. முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை. கதவு வழியே ஆயாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "தாயே, உன்ன அசிங்கப்படுத்தணும்னு கூப்புடல. புத்தி இல்லாத புள்ள. பெரிய மனசு பண்ணு. மலையேறு தாயே."

நான் கைப்பேசியை ஒருவழியாக அணைத்தேன். ஆயா இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரில் சாய்ந்து, மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அக்கா சொல்லச் சொல்லத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் கிளினிக்கில் அதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் குணமானதில்லை.

டாக்டரம்மா பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "நான் வாங்கினது ஈ.ஈ.ஜி. மிஷின்தானேப்பா? சாமி பாக்குற மிஷின்னு அந்த ஏஜென்ட் என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

பிறகு பதிவைப் பார்த்தார். வலிப்புக்கான அடையாளம் இதில் இல்லை, ஆனால் ஒரு மணி நேரப் பதிவை வைத்து இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். என் டம்ளர் தத்துவத்தையும் துணிச்சலாக அவரிடம் எடுத்து விட்டேன். கேட்டுக்கொண்டார். "மூளையில ஒன்னும் நடக்காம சாமியும் வராது, பசியும் வராது, உன் மேல எனக்குக் கோவமும் வராது. எல்லாத்துக்கும் உள்ள ஏதாவது ஓடும். ஓடுறதைப் பாத்துட்டு, கோவமே பொய்னு சொல்லிடுவியா?"

சொல்லமாட்டேன் என்றேன். அது உண்மையாகவே இருந்தது.

அப்புறம் அவர் அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருட அனுபவசாலியான நான் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "தினம் என்னம்மா சாப்பிடுறீங்க?"

"செவ்வா, வெள்ளி பச்சத் தண்ணிங்க. மத்த நாளு ஒருவேள."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளி எப்பவும் உண்டுங்க. செவ்வாயும் ஒருவேளையும் சித்திரைலேர்ந்து." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பதான் இவன் பைக்குலேர்ந்து வியுந்து மண்டைல அடிபட்டுக் கெடந்தான்ங்க. புத்திக்கு ஒன்னும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கினேன்."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டுதல் பலித்ததா என்று சோதிக்கிற பார்வை அது.

என் மண்டைக்காக அவள் நான்கு மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். அப்படிக் காப்பாற்றிய மண்டையை வைத்துக்கொண்டு நான் அவள் மண்டையில் வியாதி தேடியிருக்கிறேன். பம்புசெட்டில் உதடு வெளுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இரத்தம் இல்லாதவளுக்கு உதடு வெளுக்கும் என்பது வீடியோவில் வரவில்லை.

இரத்தப் பரிசோதனையில் அதுதான் வந்தது. ரொம்பக் குறைவு. "மாத்திரை தர்றேன். அது மட்டும் போதாது. ரெண்டு வேளை கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். வெறும் வயித்தோட நெருப்புல இறங்கினா கண்டிப்பா விழுவீங்க. சாப்பிட்டுட்டு இறங்குங்க, இல்லேன்னா இறங்காதீங்க."

"காப்பு கட்டினவ துன்னக் கூடாதுங்க, டாக்டரம்மா."

"யார் சொன்னது?"

"ஆத்தா."

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "அப்போ ஆத்தாளையே கேட்டுப் பாருங்க" என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் அக்கா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் இறங்கியதும் நேராகக் கோயில் தர்மகர்த்தாவிடம் போய்க் கெஞ்சினேன். வேறு யாராவது கரகம் எடுக்கட்டும், இல்லையென்றால் விரதத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அவர் நல்ல மனிதர். "நா யாருப்பா தளத்துறதுக்கு? அது ஆத்தா போட்ட சட்டம். அவளே வந்து சொன்னா உண்டு" என்றார். மாமா அன்று மெஷின் எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காப்பு. வேப்பமரத்தடியில் நிஜப் பம்பை முழங்கியது. நான் முன்வரிசையில் நின்றேன். அக்காவுக்கு முதலில் விரல் நடுங்கியது, அப்புறம் தோள். தலை பின்னால் சாய்ந்தது. ஆயா போட்ட அதே "ஏய்!" சத்தம் வந்தது. பூசாரி கற்பூரத்தைக் காட்டி, "வந்திருக்கிறது யாரு தாயே? கொற எதுனா உண்டா?" என்று கேட்டார்.

"உண்டுடா!" என்றாள் அம்மன். "எனக்குக் கூய் ஊத்துறீங்க. என்னத் தூக்குறவளக் காயப் போடுறீங்க. காஞ்ச தலமேல எப்டிடா நா உக்காருவேன்?"

கூட்டத்தில் பாதிப் பேர் தர்மகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வருசம் அவளுக்கு ரெண்டு வேள கூய் ஊத்து. முருங்கக்கீர வெய்யி. பேரீச்சம்பயம் வெய்யி."

பூசாரி ஒரு கணம் தடுமாறினார். எங்கள் அம்மன் பொங்கல் கேட்டிருக்கிறாள், கோழி கேட்டிருக்கிறாள், ஒரு வருடம் மைக் செட்டுக்காரனை மாற்றச் சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறாள். பேரீச்சம்பழம் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. "பேரீச்சம்பயமா தாயே?"

"கொட்ட எடுத்தது!"

தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணியம்பாடிக்கு ஒரு பைக் பறந்தது. மாமா என் காதருகே, "மாத்திரைய வுட்டுட்டாளே" என்று முணுமுணுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் ஒரு பார்வை, கன்னத்தில் ஒரு துடிப்பு, ஏதாவது கிடைக்குமா என்று. பல்லைக் கடித்தால் எப்படியிருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியுமே. எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கண் என்னைப் பார்த்தது, என்னைப் பார்க்கவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் தினம் காலையிலும் மாலையிலும் ஊரே வந்து அவளுக்குக் கூழ் ஊற்றிவிட்டுப் போனது. முருங்கை மரங்கள் மொட்டையாயின. மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

தீமிதியன்று கனலை விசிறிச் சமன் செய்தார்கள். அனல் எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் முகத்தில் அடித்தது. மாமாவும் நானும் குண்டத்தின் முடிவில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இது எந்தப் பகுதி, எந்த மின்சாரம் என்று ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா தாயே, அம்மா தாயே என்றுதான் ஓடியது. அக்கா கரகத்தோடு இறங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது எட்டில் கரகம் லேசாக ஆடியது. மாமாவின் நகம் என் கையில் பதிந்தது. நான்கு. ஐந்து. பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைத்து, எங்களைத் தாண்டிப் போய்விட்டாள், யாரோ மாதிரி.

மறுநாள் பகல் அக்கா வீட்டுக்குப் போனேன். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். வந்திருந்தால் அது நானல்ல.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்குறேன். இதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன். அன்னிக்குக் கூய் கேட்டது ஆத்தாளா, நீயா?"

நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊசிக் காதில் நுழைத்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"ரெண்டு பேருக்குந்தான்டா பசி."